அடைகோழியும் பதினேழாவது ஆளும்

கரண்ட் போகிற கணத்தில் குளிர்சாதனப் பெட்டி ஒரு சத்தம் போடும். முதலில் உடம்பை ஒருதரம் உதறிக்கொள்ளும். பிறகு, நெடுநேரம் நின்ற ஒருவர் கதிரையில் சாய்வதுபோல ஒரு பெருமூச்சு. அதன்பின் ஒன்றுமில்லை. போன கிழமை அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டில் எல்லாரும் மெழுகுதிரி தேடினார்கள். நான் என் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

"என்னப்பா, வயித்துக்குத்தோ?" என்றாள் மனைவி.

இல்லை. அடைகோழியின் ஞாபகம்.

கடலுக்கும் காலி வீதிக்கும் நடுவில் வெள்ளவத்தை என்று ஓர் ஊர் உண்டான நாள் தொடக்கம் அவரைப்போல ஒரு பயந்த மனிதர் அங்கே குடியிருந்ததில்லை. இனிக் குடியிருக்கப் போவதுமில்லை. யுத்தம் கொழும்புக்குள்ளும் கால் வைத்துவிட்ட வருடங்கள் அவை. நாங்கள் எல்லாரும் பயந்தவர்கள்தான். ஆனால் நாங்கள் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் பயந்தோம். அவருக்கு அது முழுநேர உத்தியோகம். ஜீப் வந்தால் பயம். வராவிட்டால், ஏன் இன்னும் வரவில்லை என்று பயம். கதவு மணி அடித்தால் பயம். அடித்தவர் மீன்காரர் என்று தெரிந்த பிறகு, மீன்காரர் ஏன் இன்றைக்கு நேரத்தோடு வந்தார் என்று பயம். பஸ்ஸில் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போவார். கேட்டால், "தமிழில தும்மிப்போடுவனோ எண்டு பயமாக்கிடக்கு தம்பி" என்பார்.

அவர் பனி பெய்கிற நாடொன்றில் ஆய்வுகூடத்தில் பல வருடம் இருந்தவர். எல்லாரும் நாட்டை விட்டு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நாட்டுக்குத் திரும்பி வந்தவர். இவ்வளவு பயந்தவர் ஏன் வந்தார்?

"அங்க இரவு கனநேரம் தம்பி. பயமாக்கிடந்தது."

கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் அன்ரி வீட்டு மேல்மாடி அறையில் அவரும் நானும் இருந்தோம். அன்ரி என்றால் உறவில்லை, வீட்டுக்காரி. எனக்கு இருபத்தெட்டு வயது. கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் மரண அறிவித்தல்களுக்கு எழுத்துப்பிழை பார்க்கிற வேலை. அந்த வருடங்களில் வேலைக்குப் பஞ்சமில்லை. அவருக்கு நாற்பதுக்கு மேல். நகரத்தின் இன்னொரு பக்கத்தில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் வேலை. ஒழுங்கையில் எல்லாருக்கும் அவர் 'மாஸ்டர்'. முதுகுக்குப் பின்னால் 'அடைகோழி'.

அந்தப் பெயர் வந்த விதத்தைச் சொல்லவேண்டும்.

அவர் வளர்த்தது கலங்கள், ஆங்கிலத்தில் செல் என்பது. மனிதனின் கலத்தையும் எலியின் கலத்தையும் ஒட்டவைத்து உண்டாக்கிய கலப்புக் கலங்கள். உள்ளங்கை அளவில் தட்டையான போத்தல். அதற்குள் ரோஸ் நிறத் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கடியில், கண்ணுக்குத் தெரியாமல், பாதி மனிதனும் பாதி எலியுமாக ஒரு சனக்கூட்டம். அதுகளுக்கு எந்நேரமும் முப்பத்தேழு பாகை சூடு வேண்டும். ஆய்வுகூடத்தில் அதற்கென்று ஒரு பெட்டி இருந்தது. பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று எவருக்கும் தெரியாது. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. காவலாளி வேறு, தீப்பிடிக்கும் என்ற பயத்தில் பின்னேரம் ஐந்து மணிக்கு மெயின் சுவிட்சை நிற்பாட்டிவிட்டுப் போய்விடுவார். அடைகோழி யோசித்தார். கரண்டும் இல்லாமல், டீசலும் இல்லாமல், முப்பத்தேழு பாகைச் சூட்டோடு ஊரெல்லாம் நடந்து திரிகிற ஒரு பெட்டி எது?

மனித வயிறு.

அன்றிலிருந்து பின்னேரங்களில் மிக முக்கியமான போத்தலை ஒரு பழைய சால்வையில் சுற்றி, வயிற்றோடு கட்டி, மேலே சேட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார். காலையில் அப்படியே திரும்பக் கொண்டுபோவார். மல்லாந்து மட்டும் படுப்பார். குனியமாட்டார். சிரிக்கமாட்டார், வயிறு குலுங்கும் என்று. நான் பகிடி விடத் தொடங்கினால் கையெடுத்துக் கும்பிடுவார்: "தம்பி, வேண்டாம். கலமெல்லாம் கழண்டு போடும்."

அவரை ஏற்றி இறக்கியது மாளிகாவத்தையிலிருந்து வரும் ஓர் ஓட்டோக்காரர்; முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல நாங்கள் அவரை நானா என்போம். குழி வந்தால் இறங்கித் தள்ளவேண்டும் என்பது அடைகோழியின் நிபந்தனை. நானா பொறுமைசாலி, ஆனால் வாய் சும்மா இருக்காது.

"மாஸ்டர், ஒங்கள ஏத்தினா சைக்கிள்காரன்லாம் என்ன முந்திட்டுப் போறான். நேத்து ஒரு கெழவி நடந்தே முந்திட்டா."

"முந்தட்டும் நானா. ஆக்கள் நித்திரை."

"எந்த ஆக்கள்?"

"உள்ளுக்க இருக்கிற ஆக்கள்."

நானா கண்ணாடியில் பின்னால் பார்ப்பார். ஓட்டோவில் ஒருவர்தான் இருப்பார்.

காலி வீதியில் ஒரு சோதனைச் சாவடி. ஒருநாள் ஓர் இளம் சிப்பாய் அடைகோழியின் வயிற்றைத் தடவினான். கை நின்றது. "மொகத்த மே?" என்றான். இது என்ன? அடைகோழிக்குத் தெரிந்த சிங்களம் மொத்தம் நாற்பது சொல். அதில் இருபது மரக்கறி. சேட்டைத் திறந்து போத்தலைக் காட்டி, "மினிஹெக்கி... மீயெக்கி..." என்றார். ஒரு மனிதன், ஓர் எலி. சிப்பாய் போத்தலைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். "எகட்ட?" சேர்ந்தோ? "எகட்ட, சேர்." சிப்பாய் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டானாம்: "கவுத தினுவே?" யார் வென்றது?

"மீயா, சேர்."

சிப்பாய் சிரித்த சிரிப்பில் துவக்கு தோளிலிருந்து நழுவியது. அன்றுதொட்டு அந்தச் சாவடியில் அவர் 'மீயா மஹத்தயா', எலி ஐயா. போகும்போதும் வரும்போதும் எலிக்குச் சுகமா என்று விசாரிப்பார்கள். நாங்கள் ஆறுதலடைந்தோம். அவர் அடையவில்லை. "இந்தப் பெடியன் மாறிப் போவான் தம்பி. புதுசா வாறவனுக்குப் பகிடி தெரியுமோ, ஆர் கண்டது?" பெடியன் அடுத்த மாதமே மாறிப்போனான். எங்கே மாற்றினார்கள் என்று கேட்க அடைகோழிக்குத் துணிவில்லை. ஆனால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இனி என் கதை. அந்தப் போத்தலுக்குள் இருந்த பாதி மனிதன் நான்தான்.

புதிய கலப்புக்கு மனித இரத்தம் தேவைப்பட்டது. தன்னுடையதையே எடுக்க இரண்டுதரம் முயன்றார். ஊசியைக் கண்டு இரண்டுதரமும் மயங்கி விழுந்தார். மூன்றாம் முறை என்னிடம் வந்தார். ஓர் ஊசி நிறைய எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கடையில் ஒரு மட்டன் ரோல்ஸ் வாங்கித் தந்தார். ஒரு மட்டன் ரோல்ஸுக்கு என் நாற்பத்தாறு நிறமூர்த்தங்களையும் எழுதிக் கொடுத்த மடையன் நான். நிறமூர்த்தம் என்பது படித்தவர்கள் குரோமோசோம் என்று சொல்வது. எங்கள் மூக்கும் முழியும் நோயும் குணமும் எழுதிவைத்த நூல்கண்டுகள். ஒவ்வொன்றும் இவ்விரண்டாக, இருபத்துமூன்று சோடி. ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிற கடைசிச் சோடிக்கு மட்டும் இலக்கம் இல்லை.

இந்த வேலை எதற்கு என்று ஒருநாள் பிட்டுச் சாப்பிடும்போது அன்ரி கேட்டார். அடைகோழி விளக்கினார்.

"ஒரு கொழகொழத்த மருந்து விட்டால் ரெண்டு கலத்துக்கும் இடையில இருக்கிற சுவர் உருகிப் போடும். ரெண்டு வீடு ஒரு வீடு. மனுசரும் எலியளும் ஒரே குசினியில சமைக்கத் தொடங்குவினம்."

"அடிபட மாட்டினமோ?" என்றார் அன்ரி.

"மாட்டினம். ஆனா மனுசப் பக்கத்து ஆக்கள் ஒவ்வொருத்தரா வீட்டை விட்டுப் போவினம். எலி போகாது."

"எங்க போவினம்?"

"அது ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா ஆர் போகேக்க எந்தச் சாமான் காணாமல் போகுதெண்டு பாத்துக்கொண்டு வந்தால், அந்தச் சாமான் ஆற்ற பெட்டியில இருந்ததெண்டு பிடிக்கலாம். இன்ன நொதியத்தை, அதுதான் என்சைமை, செய்யிற கட்டளை இன்ன நிறமூர்த்தத்தில இருக்கெண்டு அப்பிடித்தான் கண்டுபிடிக்கிறது."

அன்ரி யன்னலை எழும்பிப் போய்ச் சாத்தினார். "சாப்பிடேக்க ஆக்கள் காணாமல் போறதைக் கதைக்காதேங்கோ மாஸ்டர்."

கதைக்காமல் விடவில்லை அவர். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்ததும் அறிக்கை.

"தம்பி, இண்டைக்கு உங்கட எட்டாவது போட்டுது."

"ஐயோ. ரெண்டுமோ அண்ணை?"

"ரெண்டும். நேற்றே ஒண்டு போனது. உங்களுக்குக் கவலையா இருக்குமெண்டு சொல்லயில்லை."

அந்த மாதங்களில் எங்கள் ஒழுங்கையிலும் ஆட்கள் குறைந்துகொண்டிருந்தார்கள். முன்வீட்டு அண்ணன் தம்பி இருவர். பஸ்ஸுக்குப் போன ஒரு கணக்காசிரியர். பாண் வாங்கப் போன ஒரு பெடியன். ஒருவரும் சத்தமாகப் பெயர் சொல்வதில்லை. எங்கே என்று கேட்பதில்லை. எங்கள் ஒழுங்கையில் வாய்விட்டுப் பேசப்பட்ட ஒரே காணாமற்போதல் என்னுடையதுதான். நாலு போனது. பதினொன்று போனது. இருபத்தொன்று ஒரு வெள்ளிக்கிழமை போனது. இரவில் கடல் பக்கமாக ரயில் போகும்போது, என்னிடமிருந்து இன்னொன்று இறங்கிப் போகிறதோ என்று கட்டிலில் விழித்துக்கொண்டு கிடப்பேன். அன்ரியின் பூனை என்னைப் பார்க்கிற பார்வைகூட மாறியிருந்தது.

ஒன்றரை வருடம் போனபின் ஒருநாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். கண் கலங்கியிருந்தது.

"தம்பி, ஒரு போத்தலில பதினேழு மட்டும்தான் நிக்குது. மிச்சம் எல்லாரும் போயாச்சு."

"பதினேழு மட்டும் ஏன் நிக்குது?"

"நான் விடுற மருந்துத் தண்ணியில, உங்கட பதினேழு இல்லாத கலம் தப்பாது. அதால அது மட்டும் போகேலாது. இப்ப கேளுங்கோ, நான் தேடுற நொதியம் இன்னும் வருது! எல்லாரும் போனபிறகும் வருது! எண்டால் அது ஆற்ற பெட்டியில?"

"பதினேழின்ர," என்றார் சம்பலோடு வந்த அன்ரி.

அடைகோழி அன்ரியைக் கும்பிட்டார்.

ஆனால் ஒரு போத்தலை வைத்துக்கொண்டு உலகத்தை நம்பவைக்க முடியாது. அதைப் பெருக்கவேண்டும், சோதனையை இன்னும் பலமுறை செய்யவேண்டும். சில மாதம் பிடிக்கும். உறையவைத்துப் பாதுகாக்கத் திரவ நைதரசன் வேண்டும். அது கப்பலிலிருந்து இறங்கவில்லை, எப்போது இறங்கும் என்று தெரியவில்லை. ஆகவே அந்த ஒரு போத்தல்தான். அது செத்தால் எல்லாம் செத்தது. அவர் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தார். இரண்டு பங்கு பயம்.

அந்தப் பயம்தான் எங்களை மாட்டிவிட்டது.

இரத்தம் கொடுத்தவரின் பெயரை எழுதக்கூடாது, இலக்கம் மட்டும் போடவேண்டும் என்பது அந்தத் தொழிலின் ஒழுங்கு. அடைகோழிக்கு அது தெரியும். ஆனால் யாரோ ஒருநாள் வந்து, இது யாருடைய இரத்தம், பதிவு இருக்கிறதா என்று கேட்டால்? வீட்டில் தங்குகிற ஒவ்வொருவரையும் பொலிஸில் பதியவேண்டிய காலமல்லவா? ஆகவே ஆய்வுக் குறிப்பு எழுதும் கொப்பியின் முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில், கொட்டை எழுத்தில், என் முழுப் பெயர். அடையாள அட்டை இலக்கம். யாழ்ப்பாணத்து விலாசம். அதன் கீழே ஒன்றிலிருந்து இருபத்திரண்டுவரை இலக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே, இருந்தால் கூட்டல் அடையாளம், போயிருந்தால் கழித்தல் அடையாளம், போன திகதி. கடைசிப் பக்கத்தில் பதினேழைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு எழுதியிருந்தார்: 'பதினேழு மட்டும் மிச்சம். என்ன விலை கொடுத்தும் காப்பாற்றவேண்டும்.'

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள்.

சப்பாத்துச் சத்தம் படியில் ஏறியபோது அடைகோழி அறையில் இல்லை. பயந்தவர்களுக்கு விடியலில் வயிறு கலங்கும். பின்வளவுக் கக்கூசில் இருந்தார். அன்ரி பதிவுக் கடிதங்களோடு மூச்சிரைக்க ஓடிவந்தார். கடிதம் எல்லாம் சரி என்றார்கள். போகத் திரும்பினார்கள். திரும்பியவர்களில் ஒருவர் மேசையில் கிடந்த கொப்பியைத் திறந்தார்.

எனக்குச் சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட மட்டும் நேரம் தந்தார்கள்.

பொலிஸ் நிலையத்தில் ஒரு வாங்கில் இருத்தினார்கள். சுவர் மணிக்கூடு. அடுத்த அறையில் யாரோ மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார், பிறகு அழவில்லை. அழாததுதான் கூடப் பயமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடி போட்ட, களைத்த மனிதர். தமிழ் கொஞ்சம் தெரியும்.

"இருபத்திரண்டு பேர். நீதான் தலைவர்?"

"இல்லை சேர். அது ஆக்கள் இல்லை."

"எல்லாரும் போயாச்சு. திகதி போட்டிருக்கு. எங்க அனுப்பின?"

"தெரியாது சேர். ஒருத்தருக்கும் தெரியாது."

"தாஹத்வெனியா கொஹேத? பதினேழாவது ஆள் எங்க?"

உண்மையைச் சொல்வதென்று முடிவெடுத்தேன். "ஒரு போத்தலுக்குள்ள சேர். எலியோட."

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் கையை ஓங்கினான். இன்ஸ்பெக்டர் தடுத்துவிட்டு, பொறுமையாக எழுதிக்கொண்டே கேட்டார்: "எலி எந்த இயக்கம்?"

அந்தக் கேள்விக்கு இன்றைக்குச் சிரிக்கலாம். அன்றைக்கு நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். நான் ஒழுங்கையில் போனவர்களை எண்ணினேன். முன்வீட்டு இருவர், ஆசிரியர், பாண் வாங்கப் போனவன். அடுத்தது என் பெயர். என் மரண அறிவித்தலுக்கு எழுத்துப்பிழை யார் பார்ப்பார்கள்? போனவர்களுக்கு அறிவித்தலும் போடுவதில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பதினொரு மணியளவில் வாசலில் விசில் ஊதினார்கள்.

வந்தது அடைகோழி. கக்கூசுக்குள் இருந்தபடி அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். என் பெயரை அவர்கள் வாசித்ததையும். ஜீப் போய் நெடுநேரத்துக்குப் பிறகுதான் வெளியே வந்தாராம். ஆய்வுகூடத்துச் சாவி அவரிடம் இருந்தது. கரண்டும் அன்றைக்கு இருந்தது. போத்தலைக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்திருக்கலாம். நானா அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

"மாஸ்டர், போத்தல வெச்சிட்டு வாங்க. வயித்துல கட்டிட்டுப் பொலிசுக்குப் போனா அவன் என்னா நெனப்பான்? ரெண்டு பேரையும் சுட்டுருவான்."

"கொப்பியைப் பாத்துப் பிடிச்சவங்கள் நானா. ஆளைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் விடுவாங்கள்."

ஆகவே, குண்டுகள் மனித வயிற்றில் கட்டப்பட்டு வந்த அந்தக் காலத்தில், கொழும்பில், ஒரு பொலிஸ் நிலையத்துக்குள், வயிற்றில் சால்வையால் ஒரு பொருளைக் கட்டிக்கொண்டு, வியர்த்து, நடுங்கி, கண் பிதுங்கி, ஒரு தமிழர் நடந்து வந்தார்.

யன்னலால் பார்த்தேன். "அத உஸ்ஸன்ன!" என்றான் வாசல் காவலன். அடைகோழி இரண்டு கையையும் உயர்த்தினார். கையோடு சேட்டும் உயர்ந்தது.

விசில். முற்றத்தில் நின்றவர்கள் எல்லாரும் நிலத்தோடு நிலமானார்கள். கையை ஓங்கிய கான்ஸ்டபிள் என் வாங்குக்குக் கீழே வந்துவிட்டான். இரண்டு துவக்குகள் அடைகோழியின் நெற்றியைப் பார்த்தன. அவர் தன் நாற்பது சொல்லிலும் துழாவினார்.

"பெபிரென்னே நே! பெபிரென்னே நே! பண தியெனவா!"

வெடிக்காது. உயிர் இருக்கிறது.

சால்வையை அவிழ்க்கச் சொன்னார்கள். போத்தலைச் சீமெந்து முற்றத்தின் நடுவில் வைக்கச் சொன்னார்கள். இருபது அடி பின்னால் போய், கையைப் பிடரியில் கட்டி, முழந்தாளில் நிற்கச் சொன்னார்கள். குண்டுகளைச் செயலிழக்கச் செய்கிறவர் வரும்வரை எவரும் எதையும் தொடக்கூடாது. உச்சி வெயில். அந்தச் சீமெந்தில் அப்பளம் பொரிக்கலாம்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. முப்பத்தேழு பாகையில் வாழ்கிற உயிர்கள்.

"சேர்! வெயில்! நிழலில வையுங்கோ சேர்! ஒரு கடதாசியாவது போட்டு மூடுங்கோ சேர்! செத்துப் போடும் சேர்!"

தமிழில் கத்தினார். பஸ்ஸில் தும்மப் பயந்த மனிதர், பொலிஸ் முற்றத்தில், இரண்டு துவக்குக்கு முன்னால், தொண்டை கிழியத் தமிழில் கத்தினார். கத்தாதே என்று ஒருவன் ஓடிவந்து முதுகில் அடித்தான். விழுந்து எழும்பி மறுபடியும் கத்தினார். என் வாழ்க்கையில் அவ்வளவு துணிச்சலை நான் கண்டதில்லை; அவ்வளவு நடுக்கத்தையும் கண்டதில்லை. இரண்டும் ஒரே உடம்பில் நின்றன.

அரை மணித்தியாலத்தில் கத்துவதை நிறுத்தினார். போத்தலிலிருந்து முகத்தைத் திருப்பினார். பிறகு ஒவ்வொரு யன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னைக் கண்டார். தலையை ஒருதரம் ஆட்டினார், நான் நிற்கிறேன் என்பதுபோல.

நிபுணர் இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, குலுக்கி, "மருந்துத் தண்ணீர்" என்று சிரித்துவிட்டுப் போனார். இன்ஸ்பெக்டர் அடைகோழியை உள்ளே கூப்பிட்டு, கொப்பியை முன்னால் போட்டார்.

"சொல்லு."

அடைகோழி சொன்னார். முக்கால் மணித்தியாலம் சொன்னார். பேசத் தொடங்கியதும் அவருடைய நடுக்கம் நின்றுவிட்டது. அதை அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். ஒரு முறைப்பாட்டுத் தாளின் பின்புறத்தில் இரண்டு வட்டம் கீறி, அவற்றை ஒரு வட்டமாக்கி, உள்ளே நூல்கண்டுகள் கீறி, ஒவ்வொன்றாக வெட்டினார். மனிதனுக்கும் எலிக்கும் ஒரே நொதியம் இருந்தாலும் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடாது, ஆகவே எது யாருடையதென்று பிரித்துவிடலாம் என்று விரல்களால் மேசையில் ஓட்டிக் காட்டினார். துவக்கோடு நின்றவன் துவக்கைச் சுவரில் சாத்திவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தான்.

கடைசியில் இன்ஸ்பெக்டர் பேனையால் என் நெஞ்சைக் காட்டினார்.

"அப்ப இந்த இருபத்திரண்டும் இவனுக்குள்ள?"

"ஓம் சேர். ஒவ்வொண்டும் ரெண்டு ரெண்டா. போத்தலில ஒண்டுதான் நிண்டது. இப்ப அதுவும் இல்லை."

"ஏன் இல்லை?"

"வெயிலில வச்சிட்டியள் சேர்."

குற்றம் சாட்டுகிற குரல் அல்ல. மழை பெய்தது என்று சொல்கிற குரல். இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எவ்வளவு காலம் வளர்த்த?"

"ரெண்டு வருசம் ஆகப்போகுது சேர்."

அவர் கொப்பியை மூடி எங்கள் பக்கம் தள்ளினார். முதல் பக்கத்தைக் கிழித்து எரிக்கச் சொன்னார். என்னைப் பார்த்து, "இண்டைக்கே வீட்டை மாத்து. என்ர கதிரையில வேற ஆள் இருந்தா இந்தக் கதையைக் கேக்கமாட்டார்" என்றார்.

நானாவின் ஓட்டோவில் திரும்பினோம். குழிகளில் குதித்துக் குதித்துப் போனது. மெதுவாகப் போகச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. நானா கண்ணாடியில் பின்னால் பார்த்தார், கண்ணைத் துடைத்தார், ஒரு பகிடியும் விடவில்லை. அடைகோழி போத்தலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். ரோஸ் தண்ணீரில் மெல்லிய தூசிபோல ஏதோ அலைந்தது.

"உயிரோட இருக்கிறது சுவரைப் பிடிச்சுக்கொண்டு இருக்கும் தம்பி. மிதக்குதெண்டால் கையை விட்டிட்டுதெண்டு அர்த்தம்."

"போத்தலைப் பெட்டியில வச்சிட்டு வந்திருக்கலாமே அண்ணை."

"எப்பிடி? உங்களில ஒண்டுதானே போத்தலுக்குள்ள. மிச்சம் முழுக்க அவங்களிட்ட." போத்தலைச் சால்வையில் சுற்றினார். பிறகு, "உங்களை ஏத்தேக்க கக்கூசுக் கொண்டி என்ர கைக்கு வரயில்லைத் தம்பி. இழுத்து இழுத்துப் பாத்தனான். கை கேக்கயில்லை. மன்னியுங்கோ" என்றார்.

நான் போத்தலை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். மன்னிக்க ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கவேண்டும்.

அன்று பின்னேரமே ஹெந்தளையில் ஓர் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டேன். அன்ரி வாசலில் நின்று அழுதார், அழுதபடியே கேற்றை இரண்டுதரம் பூட்டினார். அடைகோழி என் பையைத் தூக்கிக்கொண்டு காலி வீதிவரை வந்தார். தெருவில் அவ்வளவு சுதந்திரமாக அவர் கை வீசி நடந்து நான் பார்த்ததில்லை. வயிற்றில் ஒன்றுமில்லாததால், ஒருவரைக் கட்டிப்பிடிக்கக்கூடிய மனிதராக முதன்முறையாக நின்றார். எப்படிக் கட்டிப்பிடிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

அதன்பிறகு அவரை நான் காணவில்லை. சில மாதங்களில் அறையை விட்டுவிட்டார் என்று அன்ரி சொன்னார். பனி நாட்டுக்கே திரும்பிவிட்டார் என்றார் ஒருவர். களனிப் பக்கம் கண்டதாகச் சொன்னார் இன்னொருவர். அந்த நொதியம் பதினேழில்தான் இருக்கிறது என்று எவரும் எங்கேயாவது எழுதினார்களா என்று எனக்குத் தெரியாது. எனக்குள் அது தன்பாட்டில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

அன்று பின்னேரம் காலி வீதியில் பஸ் வந்தது. மிதிபலகையில் ஒரு கால் வைத்தபடி திரும்பினேன்.

"அண்ணை, திரும்ப என்ர ரத்தத்தை எடுங்கோ. முதலில இருந்து தொடங்குவம்."

கண்டக்டர் கத்தினான். அடைகோழி பையை என் தோளில் மாட்டி, வார் முறுகாமல் நேராக்கிவிட்டார்.

"வேண்டாம் தம்பி. வேற ஆரிட்டயும் கேக்கிறன். நீங்கள் முழுசா இருங்கோ."